கூழுக்குக் குலப்பெருமை வேண்டாம்

"அரிசி நம்முடைய சாப்பாடே இல்லை, வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப் போனது. நம் பாட்டன் பூட்டன் எல்லாம் கம்பும் கேப்பையும் தின்று நூறு வயது வாழ்ந்தார்கள். கூழ்தான் தமிழனின் ஆதி பானம். அதற்கு ஈடாக உலகத்தில் வேறெங்கும் ஒன்று கிடையாது. சர்க்கரையை விரட்டும், ரத்தத்தை ஊற வைக்கும்."

கடந்த பத்து வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். பாரம்பரிய உணவுத் திருவிழா மேடையில் கேட்டேன், கைபேசிக் காணொளியில் கேட்டேன், சத்துமாவுப் பொட்டலத்தின் முதுகில் அச்சடித்தும் பார்த்தேன். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு குரல் இன்னும் உரத்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் கூழுக்குத் தனி மேசை போட்டு, அதன் மேல் இந்த வாசகங்களை எழுதிப் பலகை வைத்திருந்தார்கள். படித்தவர்கள், பெரியவர்கள், நல்ல எண்ணம் உள்ளவர்கள் எல்லோருமே இதை நம்புகிறார்கள்.

நான் கூழ் குடித்து வளர்ந்தவன். இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் குடிக்கிறேன். அதனால்தான் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கூழைத் தூக்கிப் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதைப் பற்றி உண்மையில்லாததைச் சொல்கிறார்கள். அந்தக் கூழை ஆக்கியவர்களையும் குடித்தவர்களையும் அந்தப் பேச்சு ஓரங்கட்டிவிடுகிறது.

முதலில் அரிசிக் கதையை எடுத்துக்கொள்வோம். வேறு எங்கே நின்று வேண்டுமானாலும் இதைச் சொல்லட்டும், பொருநை என்ற தாமிரபரணிக் கரையில் நின்று சொல்லக் கூடாது. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டை ஜெர்மானியரான ஜாகோர் 1876-ல் தோண்டிப் பார்த்தார். பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ முறையாக அகழ்ந்தார். தாழிகளுக்குள் வைத்திருந்த சட்டிகளில் அவர் கண்டவற்றில் நெல் உமியும் சிறுதானிய உமியும் உண்டு. இரண்டும் ஒரே காட்டில் கிடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். செத்தவருக்கு வைத்த சோற்றில் அந்த ஜனங்கள் பேதம் பார்க்கவில்லை. திருவைகுண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை எடுத்த ஒரு தாழியில் நெல்மணியும் உமியும் இருந்தன. அதன் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வில் வந்ததை 2021 செப்டம்பரில் முதல்வர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி பிறப்பதற்குச் சுமார் 2,750 வருடங்களுக்கு முன்பே பொருநைக் கரையில் நெல் இருந்திருக்கிறது. பொருநை நாகரிகம் என்று மார்தட்டும் அதே வாய், அடுத்த மூச்சில் நெல் அந்நியம் என்கிறது. தாழிக்குள் இருந்த நெல்லை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

ஆற்றையே பாருங்கள். பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடலைத் தொடும் இந்த ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்ற ஏழும் ஆங்கிலேயருக்கு முந்திய அரசர் காலத்தவை. கடைசியில் இருக்கும் திருவைகுண்டம் மட்டும்தான் அவர்கள் கட்டியது. சுமார் 86,000 ஏக்கர் இவற்றால் பாய்கிறது. இத்தனை கல்லை அடுக்கி, இத்தனை கால்வாய் வெட்டியது எதற்கு? கம்புக்குத் தண்ணீர் கட்டவா? கார், பிசானம் என்று இரண்டு போகத்தின் பெயரும் இந்தப் பக்கத்து ஜனங்களின் வாயில் மாதப் பெயர்களைப் போலப் புழங்குகின்றன. அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16-ஐச் சோறாகத் தின்னாத வீடு இந்தக் கரையில் இருக்காது.

நெல் எல்லோருக்கும் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. அந்தக் கேள்வியைத்தான் அவர்கள் கேட்டிருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் விவசாய வரலாற்றை எழுதிய டேவிட் லட்டன் 1985-ல் வந்த தன் நூலில் இந்த மண்ணை நனைந்த நிலம், காய்ந்த நிலம், இரண்டும் கலந்த நிலம் என்று பிரித்துக் காட்டினார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஆத்துப்பக்கம், கரிசக்காடு, இடைப்பட்டது. ஆத்துப்பக்கத்தில் கூலி நெல்லாக அளந்தார்கள். கயத்தாறு, கழுகுமலை, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கே கம்பும் சோளமும் விளைந்தன, அதைத்தான் தின்றார்கள். அங்கே நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். தட்டில் என்ன விழும் என்பதை ஆற்றுக்கு எவ்வளவு தூரத்தில் பிறந்தாய் என்பதும், நிலம் யார் பேரில் இருந்தது என்பதும் முடிவுசெய்தன. கம்பு தின்றவன் அறிவோடு தேர்ந்தெடுத்துத் தின்றான் என்று இன்றைக்குச் சொல்வது அவனுடைய பசியை அழித்துவிட்டு எழுதும் வரலாறு.

என் ஆச்சி கயத்தாறுப் பக்கத்துக் கரிசல் ஊரில் பிறந்து, சேரன்மகாதேவிப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். வந்த வீட்டில் ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார்கள். விடிந்ததும் அந்த நீத்தண்ணியை வடித்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, பழையதைப் பிழிந்து தின்றுவிட்டு வயலுக்குப் போனார்கள். ஆச்சிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "இங்க சோத்தப் புளிக்க வைக்காவ, எங்கூர்ல மாவப் புளிக்க வைப்போம், அம்புட்டுதான்" என்பாள். நான் இது பற்றிப் படித்த அத்தனையையும் விட அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் அதிகம். தானியம் எதுவானாலும் கை ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கையின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி உரலில் போட வேண்டும். முதல் இடியில் மேல்தோல் கழன்று தவிடாகும். சுளகில் அள்ளிப் புடைத்துவிட்டு, மறுபடி இடித்துக் குருணையும் மாவுமாக்க வேண்டும். அதைத் தண்ணீரில் கரைத்து மண்பானையில் ஒரு ராத்திரி வைப்பாள் ஆச்சி. விடிகாலையில் மூடியை எடுத்தால் மேலே மெல்லிய நுரை நிற்கும், புளிவாடை மூக்கில் ஏறும். உலை வைத்து, ஒரு கை நொய்யரிசி போட்டு வேகவிட்டு, கரைசலை ஊற்றித் துடுப்பால் அடிபிடிக்காமல் கிண்டுவாள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்ப்பாள், ஒட்டாமல் வந்தால் பதம். ஆறின பிறகு உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பாள். அது இன்னொரு ராத்திரி கிடக்கும். மறுநாள் ஓர் உருண்டையை எடுத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, கட்டி இல்லாமல் கையால் கரைத்தால் அதுதான் கம்மங்கூழ். ஒரு சொம்புக் கூழுக்குப் பின்னால் இரண்டு ராத்திரி இருக்கிறது. முதல் ராத்திரி தானியத்தோடு வந்த நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. அடுப்பு அவற்றைக் கொன்றுவிடுகிறது. இரண்டாம் ராத்திரி பானையின் உடம்பில் தங்கியிருப்பவையும், தண்ணீரிலும் கையிலும் வந்தவையும் மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. ஆச்சிக்கு லாக்டிக் அமிலம் தெரியாது. ஆனால் கூழ்ப்பானையை மற்றப் பாத்திரங்களைப் போலச் சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று தெரியும்.

இந்தக் கம்பு எங்கே பிறந்தது? மாலி நாட்டின் திலெம்சிப் பள்ளத்தாக்கில். சகாராவின் தெற்கு விளிம்பில், சுமார் 4,500 வருடத்துக்கு முந்திய பானை ஓடுகளில் பயிரிட்ட கம்பின் தடம் பதிந்திருக்கிறது. சோளம் கிழக்குச் சூடானில், 5,000 வருடத்துக்கு முன். கேப்பை எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களில். மூன்றுமே ஆப்பிரிக்கர்கள் காட்டுப்புல்லிலிருந்து தேர்ந்து தேர்ந்து வளர்த்தெடுத்தவை. கடல் கடந்து இந்தியாவுக்குள் வந்தது கி.மு. 2000-க்குப் பிறகுதான். சாமை, வரகு, குதிரைவாலி இந்த மண்ணின் பிள்ளைகள். தினை சீனத்தின் பக்கத்திலிருந்து வந்தது. மேடையில் 'ஆதித்தமிழன் தானியம்' என்று முதலில் எடுத்துக் காட்டுவது கம்பையும் கேப்பையையும்தான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூழுக்குக் கடித்துக்கொள்ளும் மோர்மிளகாயில் இருக்கும் மிளகாய், போர்த்துகீசியர் கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிறந்த ஊரைக் கேட்டுத்தான் சாப்பிடுவது என்றால் அந்தத் தட்டில் உப்பும் மோரும்தான் மிஞ்சும்.

வேறெங்கும் கிடையாது என்பதும் அப்படித்தான். நைஜீரியாவில் ஹவுசா மக்களும் ஃபுலானி மக்களும் கம்பை மாவாக்கி, வேகவைத்து, இடித்து உருண்டை பிடிக்கிறார்கள். அதற்கு ஃபுரா என்று பெயர். புளித்த பாலில் அதை உடைத்துக் கரைத்துக் குடிக்கிறார்கள். அந்தப் பால் நோனோ. ஃபுரா ட நோனோ என்று தலையில் கலயம் வைத்து விற்று வருபவர்கள் ஃபுலானிப் பெண்கள். மோர் விட்டுக் கரைத்த கம்மங்கூழ் உருண்டைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அவர்கள் இஞ்சியும் கிராம்பும் மாவிலேயே சேர்க்கிறார்கள், நாம் சின்ன வெங்காயத்தைத் தனியே கடிக்கிறோம். நமீபியாவின் வடக்கில் ஒஷிகுண்டு என்று ஒரு பானம் உண்டு. கம்பு மாவில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, முளைகட்டிக் காயவைத்த சோளத்தின் மாவைக் கலந்து, நேற்றைய ஒஷிகுண்டிலிருந்து கொஞ்சம் ஊற்றுகிறார்கள். சில மணி நேரத்தில் தயார். அன்றன்றைக்குக் குடித்து முடிக்க வேண்டிய பொருள் அது. தான்சானியாவில் டோக்வா, நைஜீரியாவில் ஓகி, உகாண்டாவில் புஷேரா, லெசோத்தோவில் மொடொஹோ என்று அந்தக் கண்டம் முழுக்கத் தானியத்தைப் புளிக்க வைத்துக் குடிக்கிறார்கள். ஜிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் மஹேவு என்கிறார்கள். இன்றைக்கு அதை மக்காச்சோளத்தில் காய்ச்சுகிறார்கள், அதுவும் அமெரிக்காவிலிருந்து போன தானியம்தான். ஆனாலும் அங்கே அது சொந்தப் பானம். வெயிலில் வேலை செய்யும் ஜனம் இருக்கும் இடத்தில் எல்லாம் இந்தப் புளிப்பு இருக்கிறது.

எனக்கு இதில் குறைவு எதுவும் தெரியவில்லை. முகம் தெரியாத ஓர் ஆப்பிரிக்கக் குடியானவள் தேர்ந்தெடுத்த கதிர், எத்தனையோ கை மாறி, கயத்தாற்றுக் கரிசலில் வேர்விட்டு, என் ஆச்சியின் உரலுக்கு வந்தது என்பதை நினைக்கும்போது கூழின் மேல் மரியாதை கூடுகிறது. குறையாகத் தெரிவது, எதையும் தனக்கு மட்டும் சொந்தம் என்று சொன்னால்தான் பெருமை என நினைப்பவர்களுக்கு. 'நாட்டுக் கம்பு' என்று கடையில் தருவதற்கும் இதே பதில்தான். 1965-ல் லூதியானாவில் அத்வால் வெளியிட்ட முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1-க்குத் தாய் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ. இரும்புச்சத்துக்காக இன்று பரப்பப்படும் தனசக்தி ரகம், மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு நாட்டுக்கம்பிலிருந்து ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் நிலையம் தேர்ந்தெடுத்த வழியில் வந்தது. நாலாயிரம் வருடத்துக்கு முன்னும் வந்தது, நேற்றும் வந்தது.

'கூழ்' என்ற சொல்தான் நமக்கு உண்மையிலேயே பழையது. குறளில் அரசனுக்கு வேண்டிய ஆறில் ஒன்றாகக் கூழ் வருகிறது. அங்கே அதற்குப் பொருள் நாட்டின் உணவும் வளமும். யாழ்ப்பாணத்தில் கூழ் என்றால் ஒடியல் மாவும் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சியது. எந்த ஒரு தானியத்துக்கும் அந்தச் சொல் அடிமைப்பட்டதில்லை.

இனி உலக்கைக்கு வருகிறேன். கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம். இடித்த மாவு சில நாளிலேயே காறிப்போய்க் கசக்கும். அதனால் மொத்தமாக இடித்து வைத்துக்கொள்ள முடியாது. அன்றன்றைக்கோ, ஒன்றுவிட்டு ஒரு நாளோ இடித்தாக வேண்டும். இடித்தவர்கள் யார்? பெண்கள். பகலெல்லாம் காட்டில் களைவெட்டி, பருத்தி எடுத்துவிட்டு, ராத்திரியிலோ கோழி கூவும் முன்போ உரலைச் சுற்றி நின்றார்கள். நூறு வயது வாழ்ந்த பாட்டன் கதையில் இந்தப் பாட்டி வருவதே இல்லை. என் ஆச்சியின் உள்ளங்கையில், விரல் தொடங்கும் மேட்டில், காய்ப்பு கடைசிவரை கரையவில்லை. சென்னையிலிருந்து வந்த பேத்தி ஒருத்தி, "ஆச்சி, அந்தக் காலம் எவ்ளோ நல்லா இருந்திருக்கும்ல" என்றபோது ஆச்சி கோபப்படவில்லை. "ஒரு மரக்கா கம்ப இடிச்சுட்டு வந்து சொல்லு தாயி" என்றாள்.

அவர்கள் ஏன் கம்பை விட்டார்கள் என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. யாரும் ஏமாற்றி அரிசியைப் புகட்டவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிக்கு முன்னால் நின்ற ஜனம் இது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற ஒரு வாக்குறுதி 1967-ல் தேர்தலையே புரட்டிப் போட்டது என்றால், அரிசி இந்த நாட்டு ஏழைக்கு என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. கரிசல்காட்டில் தீபாவளிக்கு மட்டும் கண்ட சோறு தினமும் அடுப்பில் பொங்கியது, உலக்கை மூலையில் சாய்ந்தது. இடிக்கவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம், உலையில் போட்டால் சோறு. அதை ஒரு பெண் விடுதலை என்று எடுத்துக்கொண்டால் நான் தப்புச் சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று வசதியானவர்கள் பேசும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அவர்கள் சொல்வதில் சரியான பகுதியும் உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மூன்று வேளையும் தின்பது நல்லதல்ல. கரிசலில் கம்பு விதைத்த நிலமெல்லாம் வேறு பயிருக்குப் போனதும், கரம்பாகக் கிடப்பதும் நஷ்டம்தான். மழை குறைந்தாலும் கம்பு ஏமாற்றாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மறுபடி கதிர் ஆட வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அப்படியானால் பேச வேண்டியது விலை. 2024-25-க்கு மத்திய அரசு கம்புக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,625 ரூபாய். கிலோ 26 ரூபாய் சொச்சம். அதே கம்பை வறுத்து, நாலு பருப்போடு அரைத்து, வண்ணப் படம் போட்டுச் சத்துமாவு என்று விற்கும்போது விலை எங்கே போகிறது என்று கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பாரம்பரியம் என்ற சொல்லுக்கு வாங்கும் காசில் கதிர் அறுத்தவனுக்குப் போவது எவ்வளவு? மேடையில் ஒருவரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியாக மருந்துக் கதை. இதில்தான் ஆபத்து அதிகம்.

பழையதைப் பற்றி ஒரு கணக்கு பத்திரிகைகளிலும் வாட்ஸப்பிலும் சுற்றுகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருந்த இரும்பு, பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுமாம். இரும்பு ஒரு தனிமம். சட்டிக்குள் உட்கார்ந்து எந்தப் பாக்டீரியாவும் இரும்பைச் செய்ய முடியாது. சட்டியிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்தால்தான் உண்டு. புளிப்பு செய்யும் வேலை வேறு. தானியத்தில் பைட்டேட் என்ற ஒன்று இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்சாமல் தடுக்கிறது. ஊறவைப்பதும் புளிக்க வைப்பதும் அதை உடைக்கின்றன. ஏற்கெனவே கம்பில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர வழி பிறக்கிறது. இது உண்மை, இதுவே பெரிய விஷயம். கேப்பையில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்து இருப்பதும் உண்மை. கூழ் புளிக்கும்போது உண்டாகும் அமிலம் கெட்ட கிருமிகளை அடக்குவதும் உண்மை. தான்சானியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டோக்வா கொடுத்துப் பார்த்தபோது மலத்தில் நோய்க்கிருமிகள் குறைந்ததாக 1999-ல் ஆய்வு வந்தது. இவ்வளவு இருக்கும்போது பொய்யான 73.91 எதற்கு?

சர்க்கரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முழுக்கம்பைச் சோறாக்கி மென்று தின்பது ஒன்று. மாவாக்கிக் குழையக் காய்ச்சிக் கரைத்துக் குடிப்பது வேறு. மாவு எவ்வளவு நைஸாகிறதோ, எவ்வளவு வேகிறதோ, அவ்வளவு சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். புளிப்பும் மோரும் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், தண்ணீராகக் கரைப்பதால் ஒரு டம்ளரில் மாவும் குறைவுதான். ஆனால் 'சிறுதானியம்தானே' என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று சொம்பு குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஜனம் அதைத் தின்று நோயில்லாமல் இருந்தது என்பதும் பாதிக்கதை. சோளமே கதியாக இருந்த தக்காணத்து ஏழைகளின் தோலில் பெலாக்ரா என்ற கொடிய நோய் வந்ததை ஹைதராபாத்தில் சி. கோபாலன் ஆராய்ந்து 1960-ல் எழுதினார். கம்பே உணவாக இருந்த சூடானின் டார்ஃபூரில் தொண்டைக்கழலை பரவியதற்குக் கம்பில் இருக்கும் சில பொருள்களும் காரணம் என்று 1980-களில் கண்டார்கள். கம்பு விஷம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஒரு தானியத்தையும் மட்டுமே தின்னும் நிலைமைக்கு மனிதரைத் தள்ளினால் உடம்பு கெடும், அது நெல்லானாலும் சரி, கம்பானாலும் சரி. கூழோடு கருவாடும், கீரையும், மொச்சையும், மோரும் சேரும்போதுதான் அது சாப்பாடு. பஞ்சத்தில் அவை சேரவில்லை.

வண்ணார்பேட்டையில் நான் வழக்கமாகக் கூழ் குடிக்கும் தள்ளுவண்டி ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு அந்த அக்கா வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துவார். இரண்டு மண்பானைக்கும் ஈரத்துணி சுற்றியிருக்கும். தட்டில் கொத்தவரங்காய் வத்தல், மோர்மிளகாய், உரித்த சின்ன வெங்காயம், கீறி உப்பு மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய். கரைக்கிற தண்ணீரை வீட்டில் கொதிக்கவைத்து ஆற்றித் தனிக்குடத்தில் கொண்டுவருவார். புளிப்பு எத்தனை காவல் காத்தாலும் கடைசியில் ஊற்றும் தண்ணீர் கெட்டதானால் எல்லாம் போச்சு என்பது அவருக்குத் தெரிகிறது. சுமை தூக்குகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பானை காலியாகிவிடும்.

போன சித்திரையில் வண்டிக்குப் புது ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். 'கம்மங்கூழ், கேப்பைக்கூழ்' என்று மட்டும் இருந்தது. அடித்துக் கொடுத்த பையன், "சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு ஒரு வரி சேத்துத் தாரேன், காசு வேண்டாம், வியாபாரம் கூடும்" என்று சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்றுவிட்டாராம்.

"ஏங்க்கா?" என்றேன்.

கரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்கே சுகர் இருக்கு அண்ணாச்சி. மாத்திரதான் போடுதாவ. அத எழுதி வச்சுட்டு நான் எப்படி நிக்கது? வெயிலுக்குக் குடிக்காங்க, பசிக்குக் குடிக்காங்க. இன்னுங் கொஞ்சம் மோர் விடட்டா?"

டம்ளரை நீட்டினேன்.